ஆடிப்பட்டத்திற்கு முன் வாசலைச் சீராக்கியது: ஒரு கருத்துக்களப் பராமரிப்புப் பதிவு

மாடித்தோட்டம் போடுபவர்களுக்காக நண்பர்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் தமிழ்க் கருத்துக்களம் ஒன்றின் நிர்வாகம் என் பொறுப்பில் இருக்கிறது. பிஎச்பிபிபி மென்பொருளின் 3.3 பதிப்பு, மாத வாடகைக்கு எடுத்த சிறிய வழங்கி (சர்வர்), என்னையும் சேர்த்து பதிவுகளைக் கண்காணிக்கும் நான்கு மட்டுறுத்துநர்கள். அவ்வளவுதான் எங்கள் சொத்து. ஆண்டின் பெரும்பகுதி அமைதியாக இருக்கும் இக்களத்திற்கு ஆனிக் கடைசியிலிருந்து ஆடி முடியும்வரை புதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை, மாடியில் பத்து குரோ பேக் (செடி வளர்க்கும் பை) வைத்திருப்பவரும் விடுவதில்லை. சென்ற ஆண்டு அந்தப் பருவத்திற்குச் சில வாரங்கள் முன்பு ஸ்பேம், அதாவது வேண்டாத விளம்பரக் குப்பை, பெருகியது. அதை அடக்க நான் முதலில் செய்த வேலை, ஸ்பேமோடு சேர்த்துப் புதியவர்களையும் விரட்டிவிட்டது. பிறகு ஒவ்வொரு பூட்டாகக் கழற்றி, தேவையானதை மட்டும் திரும்ப மாட்டிய விவரம் இது.

வந்த குப்பை மூன்று வகையாக இருந்தது. முதல் வகை, பதிவு செய்வதோடு நின்றுவிடும் கணக்குகள். ஒரு பதிவும் இடாமல், சுயவிவரப் பக்கத்தில் சூதாட்டத் தளத்தின் இணைப்பை வைத்துவிட்டுப் போய்விடும். இரண்டாம் வகை, நிரல் கொண்டு தானாக இடப்படுபவை. ரஷ்ய எழுத்திலோ ஆங்கிலத்திலோ, நள்ளிரவில் அடுத்தடுத்து விழும். மூன்றாம் வகைதான் தொல்லை பிடித்தது. மனிதரே உட்கார்ந்து செய்வது போலத் தோன்றும் அது, 'நன்றி நண்பரே, மிகப் பயனுள்ள தகவல்' என்று நாலைந்து இழைகளில் (உரையாடல்களில்) எழுதிவிட்டு, பத்து நாள் கழித்துத் தன் பழைய பதிவைத் திருத்தி அதற்குள் ஓர் இணைப்பைச் செருகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தபோது முகப்புப் பக்கம் முழுவதும் இரண்டாம் வகையால் நிறைந்திருந்தது. ஆத்திரத்தில் கையில் கிடைத்த எல்லாவற்றையும் ஒரே நாளில் இயக்கினேன். கணக்கை நிர்வாகி பார்த்து இயக்கினால்தான் உள்ளே வரலாம் என்று மாற்றினேன். வருபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் படக் கேப்சாவின் சிதைவை அதிகமாக்கினேன். வருபவரின் ஐபி முகவரியைத் (இணைய இணைப்பின் எண்ணை) தடைப்பட்டியல்களோடு ஒப்பிடும் வசதியையும் இயக்கினேன். புதியவரின் பதிவுகள் அனைத்தும் ஒப்புதல் வரிசையில் நிற்கும்படி செய்தேன். ஸ்பேம் நின்றது. ஒரு வாரம் மிகப் பெருமையாக இருந்தது.

பிறகு ஒப்புதல் வரிசையைத் திறந்தபோது, மூன்று நாளாக அங்கே கிடந்த ஒரு பதிவைக் கண்டேன். மிளகாய்ச் செடியின் கொழுந்து இலைகள் படகு போல மேல்நோக்கிச் சுருண்டிருப்பதை இரண்டு படங்களாக எடுத்துப் போட்டு, 'இதற்கு என்ன செய்யலாம், வேப்பெண்ணெய் போதுமா' என்று ஒரு பெண்மணி கேட்டிருந்தார். இலைப்பேன் தாக்குதல், தொடக்கத்திலேயே கவனித்தால் அடங்கக்கூடியது. பதிவை வெளியிட்டு, பதிலும் எழுதி, தாமதத்திற்கு மன்னிப்பும் கேட்டேன். 'செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன் ஐயா, பக்கத்துத் தொட்டிக்கும் பரவிவிட்டது' என்று ஒரு வரி வந்தது. அதன் பின் அவர் கணக்கில் எந்த அசைவும் இல்லை. எங்கள் களம் நடப்பதே இப்படிக் கேட்பவர்களுக்காகத்தான் என்பதால், அன்று மாலையே கணக்குகளுக்கான நிர்வாகி ஒப்புதலை நீக்கிவிட்டு, மற்றவற்றை நிதானமாகப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தது உதவியது. ஸ்பேம் இடுபவருக்கு வேண்டியது, தேடுபொறி பார்க்கும் இடத்தில் ஓர் இணைப்பு. புதிதாக வருபவருக்கு வேண்டியது, அன்றைக்கே ஒரு பதில். சுயவிவரத்தில் இணையதள முகவரி, பதிவின் அடியில் கையொப்பம், தனிமடல், வெளி இணைப்பு ஆகிய எதுவும் முதல் வாரத்தில் அவருக்குத் தேவைப்படுவதில்லை. படம் ஏற்றும் வசதி மட்டும் கட்டாயம் தேவை. நான் செய்திருந்ததோ நேர் எதிர்: புதியவருக்கு மிகவும் தேவையான உடனடிப் பதிலைத் தடுத்து, ஸ்பேம்காரருக்குத் தேவையான சுயவிவர இணைப்பைத் திறந்தே வைத்திருந்தேன்.

எனவே முதல் திருத்தம் மிகச் சிறியது. பிஎச்பிபிபியில் விருந்தினர் குழுவிற்கு, உறுப்பினர் பட்டியலையும் சுயவிவரங்களையும் பார்க்கும் அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டால், உள்நுழையாத எவரும், தேடுபொறியின் நிரல் உட்பட, சுயவிவரப் பக்கத்தைப் பார்க்க முடியாது. இதில் எந்த உறுப்பினருக்கும் நட்டமில்லை. ஒருவரும் கவனிக்கக்கூட இல்லை. வெளி இணைப்புகளுக்கு 'நோஃபாலோ' குறியும் சேர்த்தேன். கூகுள் 2005 ஜனவரியில் அறிமுகப்படுத்திய இந்தக் குறி, இணைப்பின் மதிப்பைத் தேடுபொறி கணக்கில் கொள்ள வேண்டாம் என்று சொல்வது. ஆனால் இதை நம்பிக் கதவைத் திறந்து வைக்க முடியாது, ஏனெனில் ஆயிரக்கணக்கான தளங்களில் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டுப் போகும் நிரல், எந்தத் தளத்தில் குறி இருக்கிறது என்று நின்று பார்ப்பதில்லை.

அடுத்தது கேப்சா. சிதைந்த எழுத்துப் படங்களை இன்றைய நிரல்கள் எளிதாகப் படித்துவிடுகின்றன. திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற அன்பர்களால்தான் படிக்க முடிவதில்லை. ஆகவே படத்தை நீக்கிவிட்டு, மென்பொருளோடு வரும் கேள்வி பதில் முறைக்கு மாறினேன். தமிழ் தெரிந்தவர் மட்டும் உள்ளே வரட்டும் என்று, 'அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற புலவர் யார்?' என்று கேட்டேன். தோட்டக் களத்திற்குப் பொருத்தமான கேள்வி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து எங்கள் பழைய உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய சம்பந்தி ஆறு முறை சரியான விடையைக் கொடுத்தும் தளம் ஏற்கவில்லையாம். திரையைப் படம் பிடித்தும், தட்டியதை அப்படியே நகலெடுத்தும் அனுப்பச் சொன்னேன். 'ஒளவையார்' என்றுதான் இருந்தது, பார்வைக்குச் சரியாகவே தெரிந்தது. எழுத்துகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: அவர் ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்துகளைத் தட்டியிருக்கிறார். கைப்பேசி விசைப்பலகையில் ஔ எங்கே என்று தேடுவதைவிட அது எளிது. கண்ணுக்கு வேறுபாடும் தெரியாது, கணினிக்கு மட்டும் அது வேறு சொல். இதோடு அவ்வையார், ஔவை, அவ்வை, ஆங்கில எழுத்தில் நாலைந்து வடிவங்கள் என்று பார்த்தால், நான் ஏற்றிருந்தது ஒரே ஒரு வடிவம். ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகத் தட்டினாலும், கொம்பும் காலுமாகத் தனித்தனியே தட்டினாலும், ஒருங்குறியின் (யூனிகோடின்) இயல்பாக்க முறை அவற்றை ஒன்றாக்கிவிடும். ஆனால் ஔ விஷயத்தில் அந்த உதவி கிடைக்காது. ஸ்ரீ என்ற எழுத்தும் இதே வகைக் கண்ணி; ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

அடுத்த முயற்சியாகப் பஞ்சகவ்யத்தைப் பற்றி ஒரு கேள்வி வைத்தேன். நண்பர் ஒருவர், 'பஞ்சகவ்யம் என்றால் என்ன என்று கேட்பதற்காகத்தானே வருகிறார்கள்' என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். கற்றுக்கொள்ள வருபவரிடம் வாசலிலேயே தேர்வு வைப்பது அசட்டுத்தனம். இப்போதுள்ள கேள்வி இதுதான்: 'உங்கள் ஒரு கையில் எத்தனை விரல்கள்? எண்ணாலோ எழுத்தாலோ எழுதுங்கள்.' ஒரு கேள்விக்கு ஒரு வரிக்கு ஒன்றாக எத்தனை விடை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால் 5, ௫, ஐந்து, அஞ்சு, ஆங்கில எழுத்தில் தட்டிய ஐந்து, அஞ்சு எல்லாம் ஏற்கப்படும். இதே போன்ற எளிய கேள்விகள் ஆறு, மாறி மாறி வருகின்றன. குறிவைத்து எழுதப்பட்ட நிரல் இதைத் தாண்டிவிடும் என்பது தெரியும். கண்மூடித்தனமாகக் கொட்டும் நிரல்கள் தமிழ்க் கேள்வியைக் கண்டாலே நின்றுவிடுகின்றன, அது போதும்.

பதிவுப் படிவத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியையும் வைத்தேன். அதை நிரப்புபவர் நிரல் என்பது கணக்கு. நல்ல உத்திதான், ஆனால் அந்தப் பெட்டிக்கு நான் 'தொலைபேசி' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டேன். உலாவி அதைப் பார்த்துத் தானாகவே எண்ணை நிரப்பிவிட, உண்மையான மனிதர்கள் இருவர் திருப்பி அனுப்பப்பட்டனர். பொருளற்ற பெயர் ஒன்றைக் கொடுத்து, தானியங்கி நிரப்பலை அணைத்து, திரைவாசிப்பானும் தாவல் விசையும் அதைத் தாண்டிச் செல்லும்படி செய்த பிறகு சிக்கல் இல்லை.

ஐபி தடைப்பட்டியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதைத்தான் முதல் மருந்தாகப் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலோர் கைப்பேசி இணையத்தில் வருகிறார்கள். ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் போதாமையால், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்களை வைத்திருக்கின்றன. தெருக்குழாய் போலத்தான், யாரோ ஒருவர் அதில் அழுக்குத் துணி துவைத்தார் என்பதற்காகக் குழாயைப் பூட்டினால் தெருவே தவிக்கும். நான் கையால் தடை செய்திருந்த முகவரிகளில் ஒன்று, ஈரோட்டிலிருந்து எழுதும் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரையே வெளியே நிறுத்தியிருந்தது. ஸ்டாப் ஃபோரம் ஸ்பேம் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஐபி, மின்னஞ்சல், பயனர்பெயர் மூன்றையும் தேடலாம். எத்தனை முறை புகார் வந்தது, கடைசியாக எப்போது வந்தது என்பதை அது தருகிறது. அதில் மின்னஞ்சல் பொருந்தினால் மட்டும் கணக்கைத் தடுக்கிறேன். ஐபி மட்டும் பொருந்தினால் கண்டுகொள்வதில்லை. பயனர்பெயரைத் தேடுவதையே நிறுத்திவிட்டேன். குமார், ரவி, செல்வி போன்ற பெயர்களை உலகில் யாரேனும் ஒரு ஸ்பேம்காரர் பயன்படுத்தாமலா இருந்திருப்பார்?

மின்னஞ்சல் உறுதிப்படுத்தலை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டேன். இதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. பதிவு செய்தவர்களில் பலர் உறுதிப்படுத்தவே இல்லை. ஆர்வம் குறைந்துவிட்டது போலும் என்று நினைத்திருந்தேன். என் சொந்த ஜிமெயில் முகவரியில் ஒரு கணக்குத் தொடங்கிப் பார்த்தபோது, ஸ்பேமைத் தடுப்பதற்காக நாங்கள் அனுப்பிய கடிதம் ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்தது. கடிதத்தின் அசலைத் திறந்து தலைப்பகுதியைப் பார்த்ததில், எஸ்பிஎஃப் சோதனையில் (எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப அந்த வழங்கிக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது) தேறவில்லை என்றிருந்தது. வழங்கியை மாற்றியபோது எங்கள் தளப்பெயரின் டிஎன்எஸ் பதிவில் பழைய வழங்கியின் முகவரியை அப்படியே விட்டிருக்கிறேன். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பும் எவரும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (கடிதத்தில் இடும் மின்கையொப்பம்) வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருப்பதால், இந்த அலட்சியத்திற்கு இப்போது இடமில்லை. எஸ்பிஎஃப் வரியைத் திருத்தி, டிகேஐஎம் கையொப்பத்தையும் சேர்த்து, கடிதத்தின் பொருள் வரியில் களத்தின் பெயரைத் தமிழில் தெளிவாக எழுதினேன். நான் செய்த எல்லா வேலைகளிலும், புதியவர்களை அதிகமாக உள்ளே கொண்டுவந்தது ஸ்பேமோடு நேரடித் தொடர்பே இல்லாத இந்த வேலைதான்.

இனி, உள்ளே வந்த பிறகு. பிஎச்பிபிபியில் 'புதிதாகப் பதிந்தவர்கள்' என்றொரு குழு உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பதிவிடும்வரை, இயல்பிருப்பாக (நாம் மாற்றாதவரை) மூன்று, புதியவர் அதில் இருப்பார். அக்குழுவின் அனுமதிகளில் பல 'ஒருபோதும் இல்லை' என்று வைக்கப்பட்டிருக்கும். இங்கே ஒரு நுட்பம்: 'இல்லை' என்பதை வேறொரு குழு தரும் 'ஆம்' வென்றுவிடும், 'ஒருபோதும் இல்லை' என்பதை எதுவும் வெல்லாது. முதல் தடவை இது புரியாமல், ஒப்புதல் இன்றிப் பதிவிடும் அனுமதியை வேறு குழுவில் கொடுத்துக் கொடுத்துப் பார்த்து ஒரு மாலையை வீணாக்கினேன். முடிவில் தனிமடல், கையொப்பம், வெளித்தளப் படத்தை ஒட்டுதல் ஆகியவற்றைப் புதியவர் குழுவில் 'ஒருபோதும் இல்லை' என்றும், ஒப்புதலின்றிப் பதிவிடுவதையும் கைப்பேசியிலிருந்து படம் ஏற்றுவதையும் 'ஆம்' என்றும் வைத்தேன். இணைப்புள்ள பதிவை மட்டும் வரிசையில் நிறுத்தும் வசதி அடிப்படைத் தொகுப்பில் இல்லாததால், அதற்கு ஒரு சிறு நீட்சி (மென்பொருளோடு சேரும் கூடுதல் நிரல்) எழுத வேண்டியிருந்தது. புதியவரின் பதிவில் வெளி இணைப்பு இருந்தால் அது வரிசைக்குப் போகும். இல்லையென்றால் அந்த நொடியே வெளியாகும்.

மொழியைக் கொண்டு சலிக்கலாமே என்ற யோசனையும் வந்தது. தமிழ் எழுத்து இல்லாத பதிவையெல்லாம் நிறுத்தினால் பெரும்பகுதி அடங்கும்தான். ஆனால் எங்களிடம் வரும் முதல் கேள்விகளில் பல, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியவை. தட்டச்சு தெரியாதவருக்கும் செடி வாடத்தான் செய்கிறது. ஆகவே இணைப்பு இல்லாதவரை எந்த எழுத்தில் எழுதினாலும் தடையில்லை என்று முடிவு செய்தோம். சொற்பட்டியல் வைத்து வடிகட்டுவதை ஒரே நாளில் கைவிட்டேன். கடன் விளம்பரங்களை நிறுத்தக் 'கடன்' என்ற சொல்லைப் போட்டதும் பயிர்க்கடனும் நன்றிக்கடனும் நேர்த்திக்கடனும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. சொற்கள் இப்படி ஒட்டிக்கொண்டு வரும் மொழியில் அந்த வழி பயன்படாது.

மூன்றாம் வகைக்காரர் இன்னும் இருக்கிறாரே! மூன்று நன்றிப் பதிவுகளில் குழுவைத் தாண்டிவிடுவார். டிஸ்கோர்ஸ் என்ற மற்றொரு கருத்துக்கள மென்பொருள் இதை வேறு விதமாக அணுகுகிறது: அதன் இயல்பிருப்பில் ஒருவர் ஐந்து இழைகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, பத்து நிமிடம் செலவிட்டால்தான் அடுத்த நிலைக்கு உயர்வார். எழுதுவதை எண்ணாமல் படிப்பதை எண்ணுவது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. மென்பொருளையே மாற்றும் தெம்பு இல்லாததால் விட்டுவிட்டேன். பதிலாக, திருத்தும் கால வரம்பை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். மறுநாளே விதைப் பகிர்வுப் பட்டியலை ஆண்டு முழுவதும் புதுப்பித்துவரும் பழைய உறுப்பினர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த வரம்பு களம் முழுவதற்கும் பொதுவானது என்பதை யோசிக்கவில்லை. வரம்பை எடுத்துவிட்டு, இருபது பதிவுகளுக்குக் குறைவாக உள்ளவர் தம் பழைய பதிவில் இணைப்பைச் சேர்த்தால் மட்டும் அது மீண்டும் வரிசைக்குச் செல்லும்படி நீட்சியை நீட்டினேன்.

வரிசையில் நிற்பது இப்போது நாளுக்கு இரண்டோ மூன்றோ பதிவுகள்தான் என்றாலும், அவற்றைப் பார்க்க ஆள் வேண்டும். நால்வரும் நேரத்தைப் பிரித்துக்கொண்டோம். ஓய்வு பெற்ற ஆசிரியரான மட்டுறுத்துநர் ஒருவர், விடியற்காலை நான்கரைக்கே எழுந்துவிடுபவர், காலை முறையை விரும்பி எடுத்துக்கொண்டார். வரிசையில் நிற்கும் பதிவை எழுதியவருக்குத் தோன்றும் செய்தியையும் மாற்றினோம். முன்பு 'உங்கள் பதிவு மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று அலுவலக ஓலை போல இருந்தது. இப்போது, 'உங்கள் பதிவில் வெளித்தள இணைப்பு இருப்பதால் எங்களில் ஒருவர் பார்த்தபின் வெளியாகும்; அவசரமானால் இணைப்பை நீக்கிவிட்டு மீண்டும் இடுங்கள், உடனே வந்துவிடும்' என்று காரணத்தையும் வழியையும் சொல்கிறது. பலர் உடனே நீக்கிவிட்டு இடுகிறார்கள்.

கடைசியாக, தேங்கியிருந்த கணக்குகள். ஒரு பதிவும் இடாத கணக்குகளை மொத்தமாக நீக்கும் கருவி நிர்வாகப் பலகத்தில் இருக்கிறது. நீக்கும் பொத்தானை அழுத்தும் முன் பட்டியலை ஒரு முறை ஓட்டிப் பார்த்தது நல்லதாயிற்று. அதில் வாரம் தவறாமல் உள்நுழைந்து படிக்கும் கணக்குகள் பல இருந்தன. எழுதாமல் படித்துக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டு ஒரு நாள் எழுதுவார்கள். எனவே, பதிவும் இல்லை, உறுதிப்படுத்திய நாளுக்குப் பின் உள்நுழைந்ததும் இல்லை, சுயவிவரத்தில் வெளி இணைப்பு மட்டும் இருக்கிறது என்ற மூன்றும் பொருந்தியவற்றை மட்டும், தரவுத்தளத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டு நீக்கினேன்.

ஆடி பிறந்தபோது எல்லாம் இடத்தில் இருந்தன. ஸ்பேம் முற்றிலும் நிற்கவில்லை. வாரத்திற்கு ஓரிரண்டு வெளியே தெரிந்துவிடுகின்றன, உறுப்பினர்களே புகார் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். ஆடிப்பெருக்கன்று இரவு பத்தரை மணிக்கு, அன்றே பதிந்த ஒருவர், வெண்டை விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் தண்டு அடியில் மெலிந்து சாய்ந்துவிடுகிறது என்று ஆங்கில எழுத்தில் தட்டி, மங்கலான படம் ஒன்றையும் போட்டிருந்தார். எங்கும் நிற்காமல் அது வெளியானது. நான் பார்ப்பதற்குள் ஈரோட்டுக்காரர், 'நாற்றழுகல் தம்பி, தண்ணீரைக் குறையுங்கள், ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கிடைத்தால் மண்ணில் கலந்துவிட்டு மறுபடி விதையுங்கள்' என்று பதில் எழுதியிருந்தார்.